காத்திருக்கும் இடங்களில் கவிதை: புதுச்சேரி, கடலூர் வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் பயணம் செய்த எவரும், தாம் தேடிப் போகாமலேயே ஒரு குறளையாவது படித்திருப்பார். கவிதை நூலைக் கையில் எடுக்கும் வழக்கமே இல்லாதவர்கூட, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்புறத் தகட்டில் எழுதப்பட்டிருக்கும் அந்த ஏழு சீர்களை, தாம் இறங்கும் இடம் வருவதற்குள் இரண்டு மூன்று முறை படித்துவிடுகிறார். அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இல்லை. கண்ணுக்கு எதிரே வரிகள் இருக்கின்றன. இந்த எளிய உண்மையைப் பற்றிக்கொண்டு, நானும் இரு நண்பர்களும் நான்கு ஆண்டுகளாகப் புதுச்சேரியிலும் கடலூரிலும் தேநீர்க்கடை, முடிதிருத்தகம், பூக்கடை, தனியார் பேருந்து, இஸ்திரி வண்டி என்று கவிதையை எவரும் எதிர்பாராத இடங்களில் வைத்து வருகிறோம். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டவற்றை, இதைத் தம் தெருவில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: இடத்தை அல்ல, காத்திருப்பைத் தேடுங்கள்

பலரும் முதலில் ஒரு நல்ல சுவரைத் தேடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். புதுச்சேரியில் நல்ல சுவருக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுவர் அழகாக இருக்கும் தெருவில் மக்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். கவிதைக்கு நிற்பவர் வேண்டும். ஆகவே ஒரு வாரம் கையில் குறிப்பேட்டுடன் உங்கள் வழக்கமான வழிகளிலேயே சென்று, மனிதர்கள் எங்கே, எவ்வளவு நேரம், எதைப் பார்த்தபடி நிற்கிறார்கள் என்பதை மட்டும் எழுதி வாருங்கள். ரேஷன் கடை வரிசை, மின்கட்டணம் செலுத்தும் சாளரம், மாவு மில், ஜெராக்ஸ் கடை, சைக்கிள் பஞ்சர் போடும் இடம், மருந்துக்கடையின் முன்புறம், அடுக்ககத்தின் மின்தூக்கி, பள்ளி விடும் நேரத்தில் பெற்றோர் நிற்கும் மர நிழல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர அளவு உண்டு. மின்தூக்கிக்கு அரை நிமிடம். மாவு மில்லுக்குப் பத்து நிமிடம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே ஓடும் பேருந்தில் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி என்று நின்று நின்று போகும்போது முக்கால் மணி நேரத்துக்கும் மேல்.

அடுத்ததாகக் கண் எங்கே போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இதில் எனக்குப் பாடம் சொன்னவர், கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். கடையின் முகப்பில், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி ஒரு சிறு அட்டையை மாட்டினேன். அவர் ஒரு நாள் பொறுத்தார். மறுநாள் நான் போனபோது அட்டை அங்கே இல்லை.

"முன்னாடி மாட்டினா எவனும் பார்க்க மாட்டான் தம்பி. பார்சல் டீ வாங்க நிக்கிறவன் பாய்லரைத்தான் பார்த்துக்கிட்டு நிப்பான். அங்க மாட்டியிருக்கேன், போய்ப் பாரு" என்றார்.

பித்தளைப் பாய்லருக்குப் பின்னால், ஆவி படாத உயரத்தில், வடிகட்டித் துணி தொங்கும் கம்பிக்கு மேலே அந்த அட்டை இருந்தது. பையில் தேநீர் ஊற்றி நூல் சுற்றிக் கொடுக்கும் வரை நிற்கிறவரின் கண், ஊற்றும் கையையும் பாய்லரையும் விட்டு வேறெங்கும் போவதில்லை என்பதை அவர் முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் நான் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, கடைக்காரரிடமே கேட்கிறேன்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தவர். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசனின் வீடும் இன்று அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. அந்த வாசல்களில் கவிதை இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அங்கே நம் வேலை எதுவும் இல்லை. அங்கிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கும் முடிதிருத்தகத்தில், தலையைக் குனியச் சொன்னதும் கண்ணில் படும் மரச்சட்டத்தின் ஓரம்தான் நமக்கு வேண்டிய இடம்.

இரண்டாம் படி: நேரத்துக்கு ஏற்ற நீளம்

ஒரு கவிதை ஓரிடத்துக்குப் பொருந்துமா என்பதை அறிய ஒரு சோதனை போதும். அந்த இடத்தில் நின்று, கவிதையை வாய்விட்டு, அவசரமில்லாமல், இரண்டு முறை படியுங்கள். முதல் வாசிப்பில் சொற்கள் புரியும். இரண்டாவதில்தான் கவிதை புரியும். இரண்டு வாசிப்பும் முடிவதற்குள் உங்கள் முறை வந்துவிட்டால் அந்தக் கவிதை அங்கே நீளம்.

இந்த அளவுகோலுக்குத் தமிழைப் போல் ஒத்துழைக்கும் இலக்கியம் அமைவது அரிது. ஔவையாரின் ஆத்திசூடி ஒரே வரி, மின்தூக்கிக்குப் போதும். குறள் இரண்டடி; நாலடியார் பெயரிலேயே அளவைச் சொல்கிறது. ஐங்குறுநூற்றுப் பாடல்கள் மூன்று முதல் ஆறு அடி, குறுந்தொகைப் பாடல்கள் நான்கு முதல் எட்டு அடி, நற்றிணைப் பாடல்கள் ஒன்பது முதல் பன்னிரண்டு அடி என்று பழைய தொகுப்பாசிரியர்கள் அடிக்கணக்கு வைத்தே பிரித்திருக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்துக்குக் குறுந்தொகை, மருத்துவமனை வெளிநோயாளர் கூடத்துக்கு நற்றிணை என்பது எங்கள் பொதுக் கணக்கு. பதின்மூன்று அடியில் தொடங்கும் அகநானூற்றை இதுவரை ஓரிடத்தில்தான் வைத்திருக்கிறோம்: பேருந்தின் பின் இருக்கைக்கு எதிரே.

சங்கப் பாடலை வைக்கும்போது, பதம் பிரித்து எழுதுவது கட்டாயம். சந்தி சேர்ந்த மூல வடிவத்தைப் படித்த ஆசிரியர் படித்துவிடுவார். மாவு மில்லில் நிற்கும் அம்மா முதல் வரியிலேயே விட்டுவிடுவார். பதம் பிரித்தால் யாப்பு கெடுமே என்று வருந்துவோர் உண்டு. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் படிக்கப்படாத பாடலுக்கு யாப்பு இருந்து பயனில்லை என்று கருதி, பதம் பிரித்த வடிவத்தைப் பெரிதாகவும், அடியில் இரண்டே வரியில் பொருளைச் சிறிதாகவும் எழுதுகிறோம். பொருளுரை பாடலை விட நீளமாக இருந்தால் பாடத்திட்டத்தின் வாசனை வந்துவிடும்.

மூன்றாம் படி: எந்தக் கவிதை எங்கே வரக்கூடாது

இதைத்தான் எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன். ரேஷன் கடை வரிசையில் ஒன்றரை மணி நேரம் நிற்கும் ஒருவரின் முகத்துக்கு எதிரே பொறையுடைமைக் குறளை மாட்டுவது அவரை அவமதிப்பது. அரசு மருத்துவமனையில் நிலையாமைப் பாடல், வங்கியில் கடன் கேட்க வந்தவர் எதிரே இரவச்சம், தேர்வு மையத்தின் வாசலில் கல்லாமை என்று, நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறுகள் பல. நம்மிடம் அறநூல்கள் மிகுதி என்பதால் கை தானாக அறிவுரைக்குப் போகிறது. அல்லல்பட்டு நிற்பவருக்கு அறிவுரை தேவையில்லை. மழையும் கடலும் காதலும் ஊரும் வேண்டும். அறிவுரைப் பாடல்களை மகிழ்ச்சியான இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருமணத் தாம்பூலப் பையில் விருந்தோம்பல் குறள் எவரையும் புண்படுத்தாது.

பொருத்தம் என்பது பொருளோடு பொருளை ஒட்டுவதும் அன்று. மீன் அங்காடியில் மீனைப் பற்றிய பாடல் வைத்தால், மீன் விற்கும் அம்மாவுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. அவருக்கு மலையும் குறிஞ்சிப் பூவும்தான் புதுமை. அதே நேரத்தில் ஊரோடு பிணைந்த பாடல் தன் ஊரில் படிக்கப்படும்போது தனி வலிமை பெறுகிறது. கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறிய ஊர் என்று சைவ மரபு சொல்வது திருப்பாதிரிப்புலியூரைத்தான். இங்கே அவர் பாடிய தேவாரம், கடலூர்த் துறைமுகத்தில் கடலுக்குப் போய் வருவோர் உட்காரும் படகு நிழலில் வேறொரு பொருள் கொள்கிறது. பயிர் வாடக் கண்டு தாமும் வாடியதாகப் பாடிய வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியவர். அந்த வரிக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து உரக்கடையை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

நான்காம் படி: உரிமையும் அனுமதியும்

இரண்டு வகை அனுமதி தேவை: கவிதைக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பாளி மறைந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய படைப்புக்கு உரிமை நீடிக்கும். சங்க இலக்கியம், திருமுறை, ஆழ்வார் பாசுரம், தனிப்பாடல் ஆகியவற்றுக்குத் தடையே இல்லை. பாரதியாரின் படைப்புரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-ல் பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. 1964-ல் மறைந்த பாரதிதாசனின் படைப்புகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியது. 60 ஆண்டுக் கணக்கும் 2024 இறுதியோடு முடிந்துவிட்டது. ஒரு நுட்பத்தை மட்டும் மறக்க வேண்டாம்: பாடல் பழையதாக இருந்தாலும், அதற்கு இக்காலத்தவர் எழுதிய உரையும் மொழிபெயர்ப்பும் அவரவர் உடைமை. பொருளுரையை நீங்களே எழுதுங்கள்.

வாழும் கவிஞர்களின் கவிதையை அவர்களிடம் கேட்டே பயன்படுத்த வேண்டும். எந்தக் கவிதை, எந்த இடம், எத்தனை நாள், எத்தனை பிரதி, காசு வாங்குவதில்லை என்ற ஐந்தையும் ஒரே கடிதத்தில் எழுதினால் பெரும்பாலோர் மகிழ்ந்து சம்மதிக்கிறார்கள். சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். வரியை வெட்டுவதற்கு எவர் சம்மதமும் கேட்காதீர்கள். நீளம் பொருந்தவில்லையென்றால் வேறு கவிதையைத் தேர்ந்தெடுங்கள். கவிஞர் பெயர், பாடலை விடச் சிறிய எழுத்தில், ஆனால் படிக்கும்படி இருக்க வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதலே உள்ளது. புதுச்சேரியிலும் அத்தகைய சட்டம் உண்டு. மின்கம்பம், பாலத்தின் கைப்பிடி, அரசுக் கட்டடச் சுவர், மரத்தின் அடிப்பகுதி ஆகியவற்றில் எவ்வளவு நல்ல கவிதையானாலும் ஒட்டாதீர்கள். மரத்தில் ஆணி அடிப்பது சட்டத்துக்கு முன்பே மரத்துக்குக் கெடுதல். ரயில் நிலையம், அரசுப் பேருந்து, நகராட்சிப் பூங்கா ஆகியவற்றுக்குக் கடிதம் கொடுத்து, கையெழுத்திட்ட பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு பூங்காவுக்கு மட்டும் ஏழு மாதம் ஆனது. தனியார் கடையும் தனியார் பேருந்தும் எளிது. உரிமையாளரே எதிரே இருக்கிறார், ஐந்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். தொடங்குகிறவர்கள் அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

உரிமையாளரிடம் போகும்போது திட்டத்தை விளக்காதீர்கள். கவிதையை எழுதி எடுத்துச் சென்று கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கும் வரை பேசாமல் நில்லுங்கள். அவருக்குப் பிடித்திருந்தால் இடம் அவரே சொல்வார். பிடிக்காவிட்டால் வேறொன்று எடுத்துப் போங்கள். அவருக்குப் பிடிக்காத கவிதை அந்தக் கடையில் ஒரு வாரம்கூடத் தாங்காது. பிடித்துவிட்டாலோ, தூசி துடைப்பதிலிருந்து கேட்பவருக்கு விளக்குவது வரை அவரே பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு கவிதைக்கும் இப்படி ஒரு காவலர் கிடைக்காத வரை நாங்கள் புதிய இடத்துக்குப் போவதில்லை.

ஐந்தாம் படி: எழுத்து

அச்சிடப் போகும் முன், நாங்கள் பட்ட ஒரு துன்பத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் ஆண்டில் இருநூறு சிறு அட்டைகளை ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பிய பாடல், அங்கிருந்த பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஏறியபோது, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்புகள் பின்னால் போய் நின்றன. 'பெண்' என்பதில் பகரம் முன்னே வந்து, கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தோடு பின்னே தொங்கியது. மாதிரி பார்க்காமல் அச்சிடச் சொன்னது என் பிழை, இருநூறும் வீணாயின. யூனிகோடு எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருள்களில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய ஆறும் இப்படிச் சிதறும். ஆகவே எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் கோப்பாகவே கொடுங்கள். ஒரு பிரதியை அச்சிட்டு வாங்கி, கணினித் திரையில் அல்ல, தாளில், விரல் வைத்துப் படித்துப் பாருங்கள்.

விரல் வைத்துப் படிக்கும்போது முதலில் ஒற்றுப் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். 'கல்' என்பதன் புள்ளி போனால் 'கல' ஆகிவிடும். பிறகு ண-ந-ன, ர-ற, ல-ள-ழ. அதற்குப் பிறகு வலி மிகும் இடங்கள். தவறான தமிழில் எழுதப்பட்ட நல்ல கவிதை, அதைப் படித்துப் பழகும் பிள்ளைகளுக்குத் தவறையே கற்பிக்கிறது. தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டாமல் நாங்கள் எதையும் மாட்டுவதில்லை.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் பத்தடி தொலைவுக்கு ஓர் அங்குல உயரம் என்று சொல்வார்கள். தமிழ் எழுத்துகளில் சுழியும் கொம்பும் மிகுதி என்பதால் அந்த அளவோடு பாதி கூட்டிக்கொள்வது நல்லது. கையில் எடுத்துப் படிக்கும் சீட்டில் எழுத்தளவு 14 புள்ளிக்கு (பாயின்ட்) குறையாதீர்கள்; வெள்ளெழுத்து வந்தவர்கள் கண்ணாடி தேடும்படி வைக்கக் கூடாது. வரியை இடத்துக்கு ஏற்ப உடைக்காமல், சீருக்கும் பொருளுக்கும் ஏற்ப உடையுங்கள். குறுகிய பலகையில் குறளை மூன்று மூன்று ஒன்று என்று உடைத்து எழுதியிருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது. நான்கும் மூன்றும் கொள்ளாவிட்டால் இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்று உடைக்கலாம். கடைசிச் சீர் தனித்து நிற்பதும் ஓர் அழகு.

கையால் எழுதக்கூடிய ஓவியர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அச்சகத்துக்கே போக வேண்டாம். தூரிகையால் எழுதிய எழுத்துக்கு மக்கள் நிற்பது போல் அச்செழுத்துக்கு நிற்பதில்லை. விளம்பரத் தட்டிகள் வந்த பிறகு வேலை குறைந்துபோன கைகள் அவை. உரிய கூலியைக் கேட்டுக் கொடுங்கள்.

ஆறாம் படி: கடற்கரை ஊருக்கான பொருள்கள்

நம் ஊர்களில் மூன்று எதிரிகள்: வெயில், உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகை மழை. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரியை மூழ்கடித்த ஃபெஞ்சலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிப்புறத்தில் வைப்பவற்றை ஜனவரி இறுதிக்குப் பிறகே வைத்து, எப்படியும் அக்டோபர் முதல் வாரத்துக்குள் எடுத்துவிடுவதே எங்கள் வழக்கம். காற்றில் பறந்த தகடு ஒருவர் மேல் விழுந்தால் அந்தக் குற்றத்தைக் கவிதை தாங்காது.

மை வேண்டுமானால் கறுப்பு. சிவப்பும் மஞ்சளும் வெயிலில் விரைவில் வெளுக்கின்றன. வீட்டு இங்க்ஜெட் அச்சின் மை ஈரம் பட்டால் கரையும். லேசர் அச்சு கரையாது. லேமினேஷன் செய்யும்போது தாளைச் சுற்றி அரை அங்குலம் வெறும் உறை இருக்கும்படி விட்டு வெட்டுங்கள். தாளை ஒட்டி வெட்டினால் ஓரத்தின் வழியே ஈரம் ஏறி ஒரே மழையில் உப்பிவிடும். கடற்கரைச் சாலையிலிருந்து சில தெருக்கள் வரை இரும்பாணி துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கோடு இறக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகு அல்லது கயிறு போதும். தாளைச் சுவரில் ஒட்டத்தான் வேண்டுமென்றால் மைதாப் பசை: மலிவு, வெந்நீரில் நனைத்தால் சுவர் கெடாமல் உரிந்துவரும்.

பழைய புதுச்சேரி வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்களைத் தொடாதீர்கள். அவை ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுவர்கள். எனாமல் பெயின்ட் அந்த மூச்சை அடைத்து, சில பருவங்களில் பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து விழும்.

ஏழாம் படி: சுவரில்லாத இடங்கள்

சுவரையும் அட்டையையும் தாண்டிய வழிகள்தான் எனக்கு மிகப் பிடித்தவை.

பூக்கடை ஒன்று. புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் பூக்கட்டும் அக்காவிடம், முழம் போட்ட மல்லிகையை வாழையிலையில் மடிக்கும்போது வெளிப்புறத்தில் நாரோடு சேர்த்துச் செருகிவிடும்படி விரற்கடை அகலச் சீட்டுகளைக் கொடுத்தோம். அதற்காகவே நான் எழுதியது இது:

தொடுத்தவள் விரலில் நார்;
சூடியவள் கூந்தலில் மணம்;
நடுவில் நின்றது
ஒரு முழக் காலை.

முதல் நாள் அவர் அதைப் படிக்கவில்லை, கொடுத்தார், அவ்வளவுதான். மூன்றாம் நாள், "என் விரலைத்தான் எழுதியிருக்கியா?" என்று கேட்டு, நார் அறுத்த தழும்பைக் காட்டினார். வலது சுட்டுவிரலின் முதல் கணுவில், நூலளவு வெள்ளைக் கோடுகள் நான்கைந்து, ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன.

இதே முறையில் இஸ்திரி மடித்த சட்டையின் காலருக்கு அடியில், தையற்கடையில் வாங்கும் ரவிக்கைப் பொட்டலத்தில், நூலகப் புத்தகத்தின் தேதிச் சீட்டுக்குப் பின்னால் வைக்கலாம். சாப்பாட்டுப் பொருளுக்கு மட்டும் கவனம் வேண்டும். வடையையும் பஜ்ஜியையும் அச்சிட்ட தாளில் மடித்துக் கொடுக்கக் கூடாது. அச்சு மை உணவில் கலக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் செய்தித்தாளில் உணவைப் பொதிவதையே தடை செய்திருக்கின்றன. கவிதைச் சீட்டு பையின் வெளிப்புறத்தில்தான் இருக்க வேண்டும்.

மஞ்சப்பை இன்னொரு நல்ல இடம். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவரும் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, பை தைத்துக் கொடுக்கும் மகளிர் குழுக்கள் பல ஊர்களில் இருக்கின்றன. திரை அச்சில் நாலு வரி போட்டுத் தருவார்கள். அந்தக் கவிதை சந்தைக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நடந்தே போகும்.

மார்கழிக் கோலத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதுவது, பொருளோ அனுமதியோ தேவைப்படாத எளிய வழி. கோலமாவில் எழுத்து எழுதும்போது புனலாகச் சுருட்டிய தாள் விரலை விட நன்றாக உதவும். காலையில் எழுதியது மதியத்துக்குள் மிதிபட்டுப் போய்விடும். அதனால் நாளைக்கு வேறு வரி எழுதலாம்.

மழைக்கு மட்டும் தெரியும் கவிதையும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2016-ல், நீர் ஒட்டாத பூச்சைக் கவிதை வடிவில் நடைபாதையில் தெளித்தார்கள். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, மழை பெய்து தரை நனைந்ததும் பூச்சு பட்ட இடம் மட்டும் காய்ந்தே நிற்க, எழுத்துகள் வெளிப்பட்டன. நாங்கள் அதை ஒரு நண்பர் வீட்டு சிமென்ட் மதிலில், அட்டையில் எழுத்தை வெட்டி எடுத்து, கடையில் கிடைக்கும் நீர்த்தடுப்புத் தெளிப்பானால் செய்து பார்த்தோம். தரையில் செய்யவில்லை, வழுக்கினால் வயதானவர்களுக்கு ஆபத்து. 'நனைந்தவருக்கு மட்டும் தெரியும் வரி இது' என்று எழுதிவிட்டு இருபது நாள் மழைக்காகக் காத்திருந்தோம். வந்த மழையில் எழுத்து தெரிந்தது. ஆனால் 'ட' எங்கே, 'ம' எங்கே என்று பிரித்தறிய முடியாதபடி தெளிப்பு பரவியிருந்தது. எழுத்து நாலங்குலத்துக்குக் குறையக் கூடாது, வெட்டிய அட்டை சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பது அப்போது தெரிந்தது. அடுத்த முறை நன்றாக வந்தது.

எட்டாம் படி: பார்த்துக்கொள்ளுதலும் எடுத்தலும்

வைத்த பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கிழிந்தால், கறைபட்டால், யாரேனும் பேனாவால் எழுதினால் அன்றே மாற்றுங்கள். பேனாவால் எழுதியதை மட்டும் ஒரு முறை படித்துவிட்டு மாற்றுங்கள். எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த விமர்சனம் ஒன்று, ஒரு குறுந்தொகைப் பாடலின் அடியில் 'அவன் வரவேயில்லையா?' என்று எழுதப்பட்டிருந்தது.

மூன்று மாதத்துக்கு மேல் எந்தக் கவிதையும் ஓரிடத்தில் வேண்டாம். தினமும் பார்ப்பவருக்கு அது விலைப்பட்டியலைப் போலாகிவிடும். லண்டன் நிலத்தடி ரயில்களில் 1986 முதல் கவிதைகளை வைத்து வருபவர்களும் அவ்வப்போது மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1992 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகளைச் சுவர்களில் நிலையாகவே தீட்டியிருப்பது வேறு வகை. அதற்குக் கட்டட உரிமையாளரின் நீண்ட நாள் ஒப்புதலும் ஆண்டுதோறும் பராமரிப்பும் தேவை.

எடுக்கும் நாளையும் வைக்கும் நாளைப் போலவே காவலரிடம் சொல்லிவிடுங்கள். பாய்லருக்குப் பின்னால் இருந்தது நான் எழுதிய ஈரடிதான்:

ஆறுவதற்குள் குடி என்கிறது தேநீர்;
ஆறிய பிறகு பேசு என்கிறது மனம்.

அதை எடுக்கப் போனபோது பெரியவர் அட்டையைக் கழற்றித் தரவில்லை. வீட்டில் மருமகளுக்கும் தமக்கும் பேச்சு நின்று இரண்டு மாதம் ஆகிறதென்றும், இதை அடுப்படியில் மாட்டப் போவதாகவும் சொல்லி, ஈரத்துணியால் ஆவிக்கறையைத் துடைத்து, கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். புதிய அட்டையை அதே கம்பிக்கு மேலே நான் கட்டினேன். கயிற்றின் முடிச்சு பாய்லர் பக்கம் இருந்தால் சூட்டில் இளகும் என்று அவர் சொன்னதால், அவிழ்த்து, சுவர்ப் பக்கமாகத் திருப்பி முடிந்தேன்.